பன்னிரண்டு வளவுகளும் ஓர் உரிமக் குழுவும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வலிகாமத்தில் ஓர் உள்ளூராட்சிச் சபைக் கந்தோரில் நான் தற்காலிகப் படவரைஞராக வேலை பார்த்தேன். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்த சான்றிதழ், ஒரு வரைபலகை, இரண்டு மூலைமட்டங்கள், பாதி தேய்ந்த நான்கு பென்சில்கள். என்னிடம் இருந்தவை இவ்வளவுதான். 'தற்காலிக' என்ற சொல் மூன்று வருடமாக என் பதவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அந்த வருடம் சபை, வளவுப் படம், அதாவது ஒரு வீட்டுக் காணிக்குள் எது எங்கே வரும் என்ற படம், கீறுபவர்களுக்கு உரிமம் கொடுப்பதற்கு ஒரு குழுவை அமைத்தது. அப்படியொரு தேவை ஏன் வந்தது என்று பலர் கேட்டார்கள். எனக்குக் காரணம் நன்றாகத் தெரியும். தெல்லிப்பழைப் பக்கமிருந்தும் அதற்கு வடக்கே கடற்கரையிலிருந்தும் போரால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்துத் தோட்டக் காணிகளில் இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று குடியேறிக்கொண்டிருந்தன; பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பத்துப் பரப்பில் ஒரு வீடு நின்ற இடத்தில் இப்போது ஐந்து வீடு, ஐந்து கிணறு, ஐந்து கக்கூசு. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். கல் முழுக்க வெடிப்பு. ஒரு குழியில் ஊறுவது பக்கத்துக் கிணற்றில் வந்து நிற்கும். ஆனால் எது எங்கே வரவேண்டும் என்பதை அவரவர் மேசன் செருப்புக் காலால் கோடு இழுத்துக் காட்டினார், அதுவே படம். வாந்திபேதி வந்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சபைச் செயலாளரிடம் வந்து, "இனி ஏலாது" என்றார். அதிலிருந்து தொடங்கியது.

வீடு, கிணறு, கக்கூசு, குசினித் தண்ணீர் போகும் வாய்க்கால், வாசல் படலை, வேலி, நிற்கும் மரங்கள், வைக்கப்போகும் மரங்கள். இந்த எட்டும் படத்தில் இருக்க வேண்டும், படத்தை உரிமம் பெற்ற ஒருவர் கீறிக் கையெழுத்து வைக்க வேண்டும். செயலாளர் இதை எழுதி மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அனுப்பினார். பதில் வர நான்கு மாதம் ஆனது. சபை எல்லைக்குள் செய்து பார்க்கலாம் என்று இரண்டு வரி வந்தது.

அறிவித்தல் ஒட்டிய அன்றே ஒரு மேசன் கந்தோருக்கு வந்துவிட்டார்.

"வளவு கீறுறதுக்கும் லைசென்ஸோ?"

"சைக்கிளுக்குக் குடுக்கிறம். நாய்க்குக் குடுக்கிறம். உமக்குத் தந்தால் என்ன குறைஞ்சு போகுது?" என்றார் செயலாளர்.

"நாய்க்குக் கழுத்திலை தகடு கட்டுறியள். எனக்கும் கட்டுவியளோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

அவரும் விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டுதான் போனார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வெளிநாடுகளில் நிலத்தை அமைப்பதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்கு அரசாங்கமே உரிமச் சபை வைத்திருக்கிறது என்று எங்கேயோ வாசித்து, அந்த விதிகளில் சிலவற்றைக் கையால் பார்த்தெழுதி வைத்திருந்தவர். இரண்டாமவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மூன்றாமவர் பொதுமக்கள் சார்பில் ஒரு தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்பவர். பங்குக் கிணறுகளில் யாருக்கு எந்த நாள் இறைப்பு என்று சண்டை வந்தால் இரண்டு பக்கமும் அவரைத்தான் கூப்பிடும். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

முதற் கூட்டத்திலேயே வண்டி நின்றுவிட்டது. தலைவர் பார்த்தெழுதிய விதிகளில் ஒன்று, குழுவில் குறைந்தது இருவர் உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்றது. அதை அப்படியே எங்கள் விதியிலும் சேர்த்துக் கச்சேரி வரைக்கும் அனுப்பி அனுமதியும் வாங்கியிருந்தோம்.

"அப்ப எங்களுக்கு ஆர் லைசென்ஸ் தாறது?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

"குழு தரும்," என்றார் தலைவர்.

"குழு ஆர்?"

"நாங்கள்தான்."

"எங்களிட்டை லைசென்ஸ் இல்லாட்டில் குழு இல்லை. குழு இல்லாட்டில் லைசென்ஸ் இல்லை. பிள்ளை, உதை ஒரு எழுத்தும் விடாமல் எழுது. பிறகு ஒரு நாளைக்கு இருந்து வாசிச்சுச் சிரிக்கலாம்."

எழுதினேன். கடைசியில், முதல் இரண்டு உரிமங்களையும் பரீட்சையில்லாமல் செயலாளரே கையெழுத்து வைத்துக் கொடுப்பது, அதற்குப் பிறகு ஒருவருக்கும் அந்தச் சலுகை இல்லை என்று தீர்மானித்தார்கள். இலக்கம் ஒன்று தலைவருக்கு, இலக்கம் இரண்டு பரிசோதகருக்கு. மூன்றிலிருந்து வெளியாட்களுக்கு.

வெளியாட்களுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, சபை ஏற்றுக்கொண்ட பழைய படங்களை அனுபவச் சான்றாக இணைக்க வேண்டும். மற்றது, குழு கொடுக்கும் இரண்டு பரப்புக் காணி ஒன்றுக்குப் புதிதாக ஒரு படம் கீறிக் கொடுக்க வேண்டும். நானும் விண்ணப்பித்தேன். செயலாளர் என்னைக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னார்: "லைசென்ஸ் எடுத்தியெண்டால் நிரந்தரத்துக்கு எழுதலாம் தங்கச்சி. எடுக்காட்டில், அடுத்த மாசத்திலை இருந்து நீ கீறுற படத்திலை நீயே கையெழுத்து வைக்க ஏலாது. அப்ப உன்னை என்னெண்டு வைச்சிருக்கிறது?" எங்கள் வீட்டில் அப்போது சம்பளம் எடுக்கும் ஆள் நான் ஒருத்திதான். அவர் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை.

எனக்கு அவ்வளவு பயமும் இருக்கவில்லை. காரணம், என்னிடம் பன்னிரண்டு வளவுகள் இருந்தன.

கந்தோரிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு தோட்டக் காணியைப் பன்னிரண்டாகப் பிரித்து, இடம்பெயர்ந்த பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கிழக்கு மேற்காக ஒரே வரிசை; தெற்கே தெருவுக்குப் போகும் ஒழுங்கை, வடக்கே தோட்டம். ஒவ்வொரு வளவும் இரண்டு பரப்பு, அறுபத்திரண்டு அடி அகலம். பன்னிரண்டு படங்களையும் நான்தான் கீறினேன். பொருளாதாரத் தடையால் பெரிய தாள் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத காலம். பழைய விண்ணப்பப் பாரங்களைப் பாதியாகக் கிழித்து, எழுதாத பக்கத்தில், ஒரு வளவுக்கு ஒரு துண்டு என்று கீறினேன். முதல் வளவை யோசித்துக் கீறினேன். மற்றப் பதினொன்றையும் அதைப் பார்த்துக் கீறினேன். கிணறு வடகிழக்கு மூலையில், ஈசான மூலை என்பதால். கக்கூசு வடமேற்கு மூலையில், வீட்டுக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல். எங்கள் ஊரில் வேறு மாதிரி வைத்தால்தான் கேள்வி வரும். கிணற்றுக்கும் கக்கூசுக்கும் ஐம்பது அடி வேண்டும் என்பது விதி. என் படத்தில் ஐம்பத்துநான்கு. பரிசோதகர் ஒவ்வொரு துண்டிலும் அடிமட்டம் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பித்தவர்கள் ஏழு பேர். பரீட்சைப் படங்களைக் குழு பார்க்கும் நாளுக்கு முதல்நாள் பின்னேரம், அவற்றை மேசையில் ஒழுங்காக வைக்கச் சொன்னார்கள். நீள மேசை இல்லை. இடம் காணாததால் ஏழு துண்டுகளையும் இடைவெளி விடாமல், விளிம்போடு விளிம்பாக அடுக்கினேன். ஏழு பேரும் என்னைப் போலவே யோசித்திருந்தார்கள். ஏழு படத்திலும் வடகிழக்கில் கிணறு, வடமேற்கில் கக்கூசு.

அடுக்கி முடித்துவிட்டு, நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் கண்ணை வைத்தேன். கிணறு, கக்கூசு, கிணறு, கக்கூசு. என்னுடைய கிணற்றுக்குப் பக்கத்திலேயே, தாளின் விளிம்புக்கு அந்தப் பக்கம், மேசனுடைய கக்கூசு இருந்தது.

உடனே அலுமாரியைத் திறந்து பன்னிரண்டு வளவுகளின் படங்களையும் எடுத்து, நிலத்தில் மண்டியிட்டு, அவை காணியில் இருக்கிற ஒழுங்கிலேயே பரப்பினேன். முதலாம் வளவின் கிணறு கிழக்கு வேலியிலிருந்து நான்கு அடி. இரண்டாம் வளவின் கக்கூசு அதே வேலியிலிருந்து நான்கு அடி. ஒவ்வொரு வளவும் தனக்குள் சரி. பன்னிரண்டும் சேர்ந்து பிழை. கிழக்குக் கடைசி வளவைத் தவிர மற்றப் பதினொரு குடும்பமும் பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து எட்டு அடி தள்ளித் தண்ணீர் அள்ளப்போகின்றன. கிணறு வெட்டத் தொடங்கி ஒரு கிழமை ஆகிவிட்டது.

ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஒன்று: நாளைக்குக் குழுவிடம் சொல்வது. இரண்டு: உரிமம் கிடைத்த பிறகு சொல்வது. மூன்று: ஒருவருக்கும் சொல்லாமல் புதுத் துண்டுகளைக் கீறி மாற்றி வைப்பது. மூன்றாவதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் பரிசோதகர் என்பதும், அவருடைய கையெழுத்தை என்னால் மாற்றி வைக்க முடியாது என்பதும் பிறகுதான் ஞாபகம் வந்தது. தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

காணியில் இரண்டு பேர் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஒருவர் குழிக்குள் நின்றார்; குழியின் விளிம்பு அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது.

"எத்தினை கிணறு தொடங்கினது?" என்று கேட்டேன்.

"ரண்டு. மற்றதுக்கு முளை மட்டும் அடிச்சுக் கிடக்கு. வெடிமருந்து இல்லாமல் உந்தக் கல்லை என்ன செய்யிறது பிள்ளை? அலவாங்காலை குத்தினால் நெருப்புத்தான் பறக்குது. ஒரு கிழமையிலை ரண்டு அடி. உப்பிடியே போனால் தண்ணி காண எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்."

"கக்கூசு?"

"மூண்டு குழி கிண்டியாச்சு. கட்டேல்லை."

"எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. ரண்டு நாளைக்கு."

குழிக்குள் நின்றவர் அலவாங்கை வெளியே போட்டார். "நிப்பாட்டச் சொல்லி இவ்வளவு நல்ல வாயாலை ஒருத்தரும் இதுவரைக்கும் சொல்லேல்லை," என்று ஏறி வந்தார்.

நான் கிணற்று மண்ணின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைகளில் தாள் இல்லை, சீமெந்து இல்லை, வெடிமருந்து இல்லை என்று இரண்டு வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தவள், அந்த ஒரு நாளில் இல்லாமைக்கு நன்றி சொன்னேன். அந்தக் கல் மட்டும் இளகியிருந்தால் இரண்டு கிணறும் முடிந்திருக்கும். வரும்போது இருந்த பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி என்னைப் பற்றியது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கூட்டம் தொடங்கியதும், படங்களைப் பார்க்க முதல் ஒரு விசயம் சொல்ல வேண்டும் என்றேன். பன்னிரண்டு துண்டுகளையும் நிலத்தில் பரப்பினேன். மூன்று பேரும் கதிரையை விட்டு எழும்பி வந்து குனிந்து பார்த்தார்கள். முதலில் கண்டவர் தோட்டக்காரர்.

"ஐயோ," என்றார். "இது கிணறு. இது... அட, இது அங்காலை வீட்டுக்காரன்ரை."

"நான் ஒவ்வொண்டிலையும் அடிமட்டம் வைச்சுப் பார்த்தனான்," என்றார் பரிசோதகர். அவருடைய முகம் சிவந்திருந்தது.

"ஓம் ஐயா. நானும் பார்த்துத்தான் கீறினனான். ரண்டு பேரும் வேலிக்கு உள்ளை மட்டும் பார்த்திருக்கிறம். பிழை என்ரை. வரிசையாக் காணி எண்டு தெரிஞ்சும் ஒண்டைப் பார்த்து மற்றதைக் கீறினனான்." வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்ததையும், கிணறு இரண்டு அடிதான் போயிருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"ரண்டு அடியோ?" பரிசோதகர் கதிரையில் பொத்தென்று இருந்தார். "ரண்டே ரண்டு அடியோ? முருகா!" அவர் விட்ட மூச்சில் மேசையில் கிடந்த ஒரு துண்டு பறந்தது.

தலைவர் பரீட்சைப் படங்கள் ஏழும் கிடந்த மேசைக்குப் போய், விளிம்புகளைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "ஒரு மணித்தியாலத்திலை வாறன்" என்று போய்விட்டார். என்னை நீக்கச் சொல்லிச் செயலாளரிடம் போகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்தார். கையில் அளவு நாடா.

"ஒன்பது அடி," என்றார்.

"என்னது?" என்றார் பரிசோதகர்.

"என்ரை கிணத்துக்கும் பக்கத்து வளவுக் கக்கூசுக்கும். வேலிக்கு மேலாலை நாடாவை எறிஞ்சு அளந்தனான். அந்த மனுசி என்ன செய்யிறியள் எண்டு கேட்டா. காணி பார்க்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"எவ்வளவு காலமாய்க் குடிக்கிறியள்?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

"முப்பது வருசம்."

"அப்ப பயப்பிடாதேங்கோ. இனி நல்ல தண்ணி குடிச்சால்தான் உங்களுக்கு ஒத்துவராது."

தலைவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை; தீர்ப்பு இன்னும் வரவில்லையே. அவர் இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, இந்தப் பன்னிரண்டையும் அனுபவச் சான்றா எடுக்க ஏலாது."

"ஓம் ஐயா."

"மற்ற ஆறு பேற்றையும் எடுக்க ஏலாது. பரீட்சைப் படத்திலையும் ஒருத்தரும் வேலிக்கு அங்காலை என்ன இருக்கெண்டு கேக்கேல்லை. நாங்களும் குடுக்கேல்லை. ஏழு பேரும் பெயில்."

"குடுத்த இலக்கம் ஒண்டையும் ரண்டையும் என்ன செய்யப் போறியள்?" என்றார் தோட்டக்காரர்.

ஏழு பேரோடு தலைவரும் பரிசோதகரும் பரீட்சை எழுதுவதென்று முடிவாகியது. அதுவரை இலக்கம் ஒன்றும் இரண்டும் அலுமாரிக்குள் இருக்கட்டும் என்று நான் குறிப்பில் எழுதினேன். வளவுப் படத்தில் இருக்க வேண்டியவை எட்டு என்று இருந்தது ஒன்பதாகியது. ஒன்பதாவது: நான்கு வேலிக்கும் அப்பால் ஐம்பது அடிக்குள் இருக்கும் கிணறும் குழியும். எங்கள் விதிகளுக்குள், தலைவர் எங்கேயிருந்தும் எடுக்காமல் எங்கள் கந்தோரிலேயே பிறந்த விதி அது ஒன்றுதான்.

மறு பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. திருத்திய பன்னிரண்டு வளவுகளையும் சான்றாகக் கொண்டு வா, பார்ப்போம் என்றார்கள். இந்த முறை ஒரே தாளில். தாளுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நகைக்கடைக் கலண்டர் தொங்கியது. போன வருடத்தது, பன்னிரண்டு தாள். ஆணியிலிருந்து கழற்றி, பின்பக்கங்களை வெளியே வைத்துக் கோதுமை மாப் பசையால் விளிம்போடு விளிம்பாக ஒட்டினேன். தை மாதத்தில் முதலாம் வளவு, மார்கழியில் பன்னிரண்டாம் வளவு. கிணறுகளை ஈசான மூலையிலேயே விட்டேன். அதை நகர்த்தினால் ஒரு குடும்பமும் ஒத்துக்கொள்ளாது. கக்கூசுகளை மேற்கு வேலியோடு தெற்கே கொண்டுவந்தேன். மூலையில் வைக்காமல், ஒழுங்கையிலிருந்து இருபது அடி உள்ளே. அளந்தால் எந்தக் கிணற்றுக்கும் அறுபது அடிக்குக் குறையவில்லை.

அதற்குச் சம்மதம் வாங்க வளவு வளவாகப் போனேன். பதினொரு வீடும் முணுமுணுத்து ஒத்துக்கொண்டது. ஏழாம் வளவு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"வாறவை போறவைக்குக் கக்கூசைத்தான் முதல்லை காட்டுறதோ? எங்கடை ஊரிலை பத்துப் பரப்பு வளவு. கக்கூசு எங்கை எண்டு சொந்தக்காரருக்கே தெரியாது."

"அக்கா, முன்னுக்கு ஒரு வரி செவ்வரத்தை வைப்பம். பக்கத்திலை வாழை. ஆறு மாதத்திலை ஒண்டும் தெரியாது."

"ஆறு மாதம் வரைக்கும்?"

"ஓலைக் கிடுகாலை மறைப்பம்."

"கிடுகு மறைச்சால்தான் எல்லாரும் உள்ளை என்னெண்டு பாப்பினம்."

அவரைக் கிழக்கு வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய், பழைய முளைகள் இரண்டையும் காட்டினேன். இது உங்கள் கிணறு. இது எட்டாம் வளவுக் கக்கூசு. அவர் இரண்டுக்கும் நடுவில் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தார். பிறகு, "செவ்வரத்தை அடுக்குப் பூ வேணும். ஒற்றைப் பூ வேண்டாம்," என்றார். படத்தில் ஏழாம் வளவில் மட்டும் 'அடுக்குச் செவ்வரத்தை' என்று எழுதியிருக்கிறேன்.

பரீட்சை நடந்தது. ஐந்து வளவுகளை ஒரே தாளில் கொடுத்தார்கள். நடு வளவை நாங்கள் கீற வேண்டும். தலைவரும் பரிசோதகரும் பின்வரிசை வாங்கில் இருந்து, எங்களோடு பேசாமல், கீறினார்கள். அவர்களுடைய தாள்களைத் திருத்தக் கச்சேரியிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். ஒன்பது பேரில் ஆறு பேர் தேறினோம். இருவரும் தங்கள் பழைய இலக்கங்களையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கழுத்துத் தகடு கேட்ட மேசனுக்கு மூன்று. எனக்கு நான்கு. உரிமம் அச்சடிக்கத் தாள் இல்லாததால் பாவிக்காமல் கிடந்த சைக்கிள் உரிமப் பாரங்களில்தான் எழுதிக் கொடுத்தார்கள். 'துவிச்சக்கர வண்டி' என்பதை வெட்டி மேலே 'வளவுப் படம்' என்று செயலாளர் கையால் எழுதியிருக்கிறார். 'சட்டக இலக்கம்' என்ற இடத்தில் ஒரு சிறு கோடு. அடுத்த மாதக் கடைசியில் 'தற்காலிக' போனது. அன்றுதான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏழாம் வளவில் தண்ணீர் கண்டபோது செவ்வரத்தை முழங்கால் உயரம் நின்றது. அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டார். பனையோலைப் பட்டையால் அள்ளி, செம்பில் ஊற்றித் தந்தார்.

"குடியுங்கோ பிள்ளை. நீங்கள் கீறின தண்ணிதானே. கக்கூசைத்தான் நான் இன்னும் மன்னிக்கேல்லை."

குடித்தேன். கல்லுத் தண்ணீர், உப்புச் சவர் இல்லை. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடியிலிருந்து கிழக்கு வேலிக்குப் போய், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். எட்டாம் வளவில் பழைய முளை நின்ற இடத்தில் யாரோ மிளகாய்க் கன்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகும், நானே கீறியது என்பதால், அதே வேலியோடு அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே எட்டாம் வளவுக் கக்கூசுக்கு நேர் வரைக்கும் நடந்தேன். அறுபத்திரண்டு.

"என்ன எண்ணுறியள்?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்டுமில்லை அக்கா. சரியா இருக்கு."